சேற்றிற் புதைந்த உழவு இயந்திரத்தைக் கயிறிட்டு இழுத்தல்

காலபோகத்துக்காக வயல்களைச் சேறாக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், பிந்திய மழையோடு அறுவடை கூடிவரும் தை மாதத்திலும் உழவு இயந்திரங்கள் வயலிற் புதைவது கமக்காரர் யாவரும் கண்ட காட்சியே. அயல் வயலிலிருந்து இன்னோர் இயந்திரம் வரவழைக்கப்படும். கையிற் கிடைத்த கயிறோ சங்கிலியோ கொளுவப்படும். அயலவர் கூடிநின்று பார்ப்பர். பெரும்பாலும் இயந்திரம் வெளிவந்துவிடும். சிற்சில வேளைகளில் கயிறு அறுந்து அருகில் நின்றவரின் உயிரைக் கொண்டுபோகும். அல்லது இழுத்த இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து சாரதியை நசுக்கிவிடும். இவ்விரு விபத்துக்களும் தற்செயலானவையல்ல. இவை நிகழும் காரணங்கள் திட்டமாக அறியப்பட்டவை. தடுக்கும் வழிகளும் எளியவை. அவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

எல்லா மண்ணும் ஒரேவகையாகப் புதைப்பதில்லை. மணல் கலந்த செம்மண் நிலத்திற் புதைந்த சில்லு மழைவிட்டு ஓரிரு நாளில் தானாகவே இளகிவரக்கூடும். முருங்கன், துணுக்காய்ப் பகுதிகளிலுள்ள கருங்களிமண் அத்தகையதன்று. கோடையிற் பாளம்பாளமாக வெடிக்கும் அம்மண், நீர் உண்டதும் பொங்கி, பசைபோல இரும்பைப் பற்றிக்கொள்ளும். இரும்புக்கும் சேற்றுக்கும் இடையே காற்றுப் புகாதவரை அப்பிடி தளர்வதில்லை. இத்தகைய நிலத்தில் இயந்திரத்தின் பாரத்தை மட்டும் கணக்கிட்டுக் கயிற்றைத் தெரிவுசெய்வது பெருந்தவறு.

சில்லு நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கியதும் சாரதி செய்யவேண்டிய முதல் வேலை, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுப்பதாகும். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்குமேயன்றி இயந்திரத்தை முன்னேற்றாது. ஒரு சில்லு மாத்திரம் சுழன்று மற்றது அசையாதிருப்பின், இருசில்லுகளையும் ஒருங்கே பிணைக்கும் டிபறன்சியல் பூட்டு உள்ள இயந்திரத்தில் அதனைச் சில்லுச் சுழற்சி நின்றபின் பூட்டி, மெதுவாக, நேர்த்திசையில், பின்னோக்கி வர முயலலாம். இருமுறை முயன்றும் வராவிடின் எஞ்சினை நிறுத்திவிட்டு மண்வெட்டியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

மண்வெட்டி வேலையைப் பலர் காலவிரயமென எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்கு அவ்வெண்ணத்தை மாற்றக்கூடும். புதைந்த வாகனங்களை மீட்கும் இராணுவப் பொறியியலாளர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதியொன்று உண்டு. சில்லளவிற்குப் புதைந்த வாகனத்தை இழுக்க அதன் நிறைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்ட் அளவிற்குப் புதைந்ததற்கு இருமடங்கு வேண்டும். அதற்கும் மேலே புதைந்ததற்கு மும்மடங்கு வேண்டும். நமது வயல்களில் ஓடும் நடுத்தர நாற்சில்லு இயந்திரம் ஏறக்குறைய 2 தொன் நிறையுடையது எனக் கொள்வோம். அது சில்லளவிற்குப் புதைந்திருப்பின் 2 தொன் இழுவை வேண்டும். ஆனால் அதே நிறையுள்ள இன்னோர் இயந்திரம் காய்ந்த உறுதியான தரையில் நின்று இழுத்தாலும், ரயர் வழுக்கத் தொடங்குமுன் தன் நிறையிற் பாதி அல்லது மூன்றிலிரண்டு பங்குக்கு மேல் இழுக்கமாட்டாது. ஈரவரம்பில் நின்றால் அதுவும் குறையும். ஆகவே, தோண்டப்படாத இயந்திரத்தை அதேயளவு இயந்திரத்தினால் நிதானமாக இழுத்தெடுத்தல் பெரும்பாலும் இயலாத காரியம். இவ்வியலாமையே எல்லாக் கேட்டிற்கும் மூலம். மெதுவாக இழுத்து வராதபோது, கயிற்றைத் தொய்யவிட்டு ஓடிவந்து வெட்டி இழுக்கச் சாரதிக்கு ஆசை பிறக்கிறது; கயிற்றை உயரக் கட்டவும் ஆசை பிறக்கிறது. முன்னது கயிற்றை அறுக்கும். பின்னது இயந்திரத்தைக் கவிழ்க்கும்.

ஆதலால் முதலில் தோண்டுக. பின்பூட்டிய கலப்பையோ சுழற்கலப்பையோ இருப்பின் அதன் ஓட்டத்தை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, திறப்பை எடுத்தபின்னரே இயந்திரத்தின் கீழும் பின்னும் ஆட்கள் செல்லல் வேண்டும். பெட்டி பூட்டியிருப்பின் அதைக் கழற்றிவிடுக. நெல்மூடைகள் ஏற்றியிருப்பின் இறக்கிவிடுக; ஐம்பது மூடையைத் தோளிற் சுமந்து வரம்பேற்றுவது சலிப்பான வேலைதான், ஆயினும் அது 2½ தொன் நெல்லைச் சேற்றோடு சேர்த்து இழுப்பதிலும் இலகுவானது. பின்பு வெளியேறவேண்டிய திசையில், ஒவ்வொரு சில்லின் அடியிலிருந்தும் மேல்நோக்கிச் செல்லும் நீண்ட சரிவை வெட்டுக. செங்குத்தான படியை வெட்டி நிறுத்துவதாற் பயனில்லை. இயந்திரத்தின் வயிறும் பின்னச்சும் சேற்றில் அமர்ந்திருப்பின், அவற்றின் கீழுள்ள சேற்றை நீண்ட தடியினாற் குத்திக் காற்றுப் புகவிடல் வேண்டும். குழியிற் தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடியவிடுக. சரிவின்மேல் பனைமட்டை, தென்னோலை, வைக்கோல், பலகை ஆகியவற்றுட் கிடைத்ததைப் பரப்புக. இவ்வளவும் செய்தபின் இயந்திரம் கயிறின்றியே வெளிவருதலும் உண்டு.

வெளியேறும் திசை, கூடியவரை இயந்திரம் உட்சென்ற திசைக்கு எதிரானதாயிருத்தல் நன்று. சில்லுகள் ஏற்கெனவே அமர்த்திய தடம் அங்கே உண்டு. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுளது. பின்னோக்கிய கியரில் எஞ்சினின் முறுக்குவிசை இயந்திரத்தின் முன்பாகத்தை நிலத்தோடு அழுத்தும்; முன்னோக்கிய கியரில் அதைத் தூக்க முயலும். சில்லு சுழல முடியாமற் சேற்றில் இறுகியிருக்க, கிளச்சைச் சடுதியாக விட்டால், சில்லைச் சுற்றவேண்டிய விசை அச்சைச் சுற்றி இயந்திரத்தையே மேலெழுப்பும். முன்சில்லுகள் நிலத்தைவிட்டு எழத்தொடங்கி முக்காற் செக்கனுக்குள் இயந்திரம் மீட்கமுடியாத நிலையை அடைந்துவிடும். ஒன்றரைச் செக்கனுக்குள் முற்றாகக் கவிழ்ந்துவிடும். ஆபத்தை உணர்ந்து கிளச்சை மிதிக்கலாமென்று நம்பியிருப்பவர், அவ்வளவு காலத்துக்குள் மனிதனின் கால் அசைவதில்லை என்பதை அறிதல் வேண்டும்.

இதனாலேயே, பெருஞ்சில்லின் குறுக்கே மரக்குற்றியைச் சங்கிலியாற் கட்டி, சில்லு அதன்மேல் ஏறிவரச் செய்யும் வழக்கத்தை முற்றாகக் கைவிடும்படி கமக்காரரை வற்புறுத்துகிறோம். குற்றி சிக்கிக்கொண்டால் சில்லு நின்றுவிடும், இயந்திரம் மேலெழும். பலகையும் மட்டையும் சில்லின் கீழே வைக்கப்படலாம். சில்லோடு கட்டப்படல் ஆகாது.

இனி, இழுக்கும் இயந்திரத்திற் கயிறு எங்கே கட்டப்படல் வேண்டும் என்பதைக் கூறுவோம். பெட்டியைக் கொளுவும் தாழ்ந்த இழுவைச் சட்டமே அதற்குரிய ஒரேயிடம். அது பின்னச்சின் நடுவிலும் தாழ்வாக, நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் அமைந்திருக்கும். அங்கே கட்டிய கயிறு எவ்வளவு இறுகினாலும் முன்பாகத்தை எளிதில் தூக்கமாட்டாது. பின்னச்சைச் சுற்றியோ, இருக்கையின் அடியிலோ, மும்முனை இணைப்பின் மேற்றண்டு பூட்டுமிடத்திலோ கட்டினால், அதே இழுவை இயந்திரத்தைப் பின்னோக்கிக் குப்புறத் தள்ளும் நெம்புகோலாக மாறிவிடும். உயரக் கட்டினால் பின்சில்லு நன்றாக ஊன்றி இழுக்கும் என்று சிலர் கூறுவர். அது உண்மையே, சில்லு ஊன்றுவது, முன்பாகத்தின் பாரம் பின்னுக்கு வந்துவிட்டமையாலேயே. அப்பாரம் முழுவதும் பின்னுக்கு வரும் கணமே கவிழும் கணமாகும்.

இவ்வாபத்து உழவு இயந்திரத்தோடு கூடப் பிறந்தது. 1917ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட போட்சன் இயந்திரம், கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கியதும் பின்புறமாகக் கரணமிடுவதற்குப் பேர்போனது. அயர்லாந்தவரான ஹரி பெர்குசன் அமைத்த மும்முனை இணைப்பு, கலப்பை சிக்கும்போது எழும் விசையை முன்பாகத்தை அழுத்தும் விசையாகத் திருப்பி அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. இன்று நமது வயல்களிற் காணும் இயந்திரங்கள் பலவும் அவ்விணைப்பை உடையவை. ஆனால் அப்பாதுகாப்பு மூன்று முனையிலும் பூட்டிய கருவிக்கே உரியது. மேல்முனையில் மாத்திரம் கயிற்றைக் கட்டுபவர் பெர்குசன் நீக்கிய ஆபத்தைத் தம் கையாலே மீண்டும் வரவழைக்கின்றார்.

புதைந்த இயந்திரத்திலும் அதன் இழுவைச் சட்டத்திலேயே கட்டுதல் சிறந்தது. அப்போது இரண்டும் முதுகோடு முதுகு நோக்கி நிற்கும். இரண்டிலும் கயிறு தாழ்ந்தேயிருக்கும். முன்புறமாகவே இழுக்கவேண்டி நேரின், முன்சட்டத்திலுள்ள இழுவைக் கொளுவியிற் கட்டுக. முன்னச்சிலோ திசைதிருப்பும் தண்டுகளிலோ கட்டற்க. ஜீப், வான், லொறி முதலியவற்றைப் பயன்படுத்துவோர் பம்பரிற் கயிறிடுதல் கூடாது. சிறுபெட்டி கொளுவுவதற்கென வாகனத்தின் பின்னே பூட்டிய உருண்டைக் குமிழும் இவ்வேலைக்கு உரியதன்று. அது ஓடும் பெட்டியை இழுக்கவே செய்யப்பட்டது. புதைந்த பாரத்தை இழுக்கையில் அது முறிந்து, கயிற்றின் நுனியிற் பூட்டிய குண்டாக மாறிப் பறந்து ஆட்களைக் கொன்றதுண்டு.

கயிறு அறுந்தால் ஏன் இத்துணைக் கேடு விளைகின்றது? இறுகிய கயிறு வளைத்த வில்லை ஒத்தது. இழுக்கும் இயந்திரம் செய்த வேலை முழுவதும் கயிற்றின் நீட்சியிற் சேர்ந்திருந்து, அறும் கணத்தில் ஒருங்கே வெளிப்படுகின்றது. 2 தொன் இழுவையில் ஒரு நைலோன் கயிறு ஒரு மீற்றர் நீண்டிருப்பின், அதனுட் சேர்ந்திருக்கும் சக்தி, 50 கிலோக்கிராம் நெல்மூடையொன்று 20 மீற்றர் உயரமான தென்னையின் உச்சியிலிருந்து விழுந்து நிலத்தை அடையும்போது கொண்டிருக்கும் சக்திக்குச் சமம். கம்பிவடம் அவ்வளவு நீளாது. நீட்சி பத்திலொன்றாயின் சேர்ந்த சக்தியும் பத்திலொன்றே. ஆயினும் கம்பிவடமும் சங்கிலியும் பாரமானவை. அவற்றின் துண்டும் கொளுக்கியும் சிறு வேகத்திலும் எலும்பை முறிக்கவல்லவை.

மறுபுறம், நீளாத வடத்தைத் தொய்யவிட்டு ஓடி இழுத்தால் நிகழ்வதையும் கணக்கிடலாம். 2 தொன் இயந்திரம் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, 10 சென்ரிமீற்றர் தூரத்துள் தடுத்து நிறுத்தப்படின், அவ்வடத்தில் எழும் சராசரி விசை 8 தொன்னுக்கு அண்மித்தது. உச்சவிசை அதனினும் மிகும். வடமோ கொளுவியோ அன்றி இயந்திரத்தின் சட்டமோ, எது நலிந்ததோ அது போகும். முற்காலத்தில் எருமைகளைப் பூட்டிப் புதைந்த வண்டியை இழுத்தபோது, பாரம் மிகுந்ததும் மாடு நின்றுவிடும், அல்லது முழங்காலிட்டுப் படுத்துவிடும். இயந்திரத்துக்கு அவ்வறிவு இல்லை.

நீண்டு சுருங்கி இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட அகன்ற நைலோன் வார்கள் இக்காலத்திற் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு சிறிது ஓடி இழுக்கும் முறை, அதற்கேற்ற கொளுவிகள் உடைய வாகனங்களுக்கு உரியது. வயலிற் புதைந்த உழவு இயந்திரத்துக்கு அதனை நாம் சிபார்சு செய்யமாட்டோம்.

கயிற்றுத் தெரிவில், வீட்டிலுள்ள தும்புக்கயிறு இவ்வேலைக்கு உதவாது. அதே பருமனுள்ள மணிலாக் கயிற்றின் பலத்தில் ஒரு சிறுபங்கே அதற்குண்டு. கடைகளில் எங்கும் விற்கப்படும் நீலநிறப் பொலிப்புறொப்பிலீன் கயிறு புதிதாக இருக்கையிற் பலமுடையதே. ஆனால் வெயிலிற் கிடந்தால் அதன் இழைகள் தூளாகத் தொடங்கும். கையால் உரசும்போது பொடி உதிரும் கயிற்றை இழுவைக்கு எடுத்தல் ஆகாது. எக்கயிறாயினும், அறும் பலமாகக் குறிக்கப்பட்ட அளவில் ஐந்திலொரு பங்குக்கு மேற் பாரமேற்றற்க. 2 தொன் இழுக்க 10 தொன் கயிறு வேண்டும் என்பது இதன் பொருள். முடிச்சிட்டால் கயிற்றின் பலத்திற் பாதிவரை குறைந்துவிடும். ஆகவே இரு நுனியிலும் கண்ணி பின்னிய கயிற்றை, சக்கிள் எனப்படும் திருகாணி வளையத்தினாற் பூட்டுதல் வேண்டும். அறுந்த இரு கயிறுகளை முடிந்து ஒன்றாக்கி இழுப்பவர் புதிய விபத்தொன்றுக்கு நாட்குறித்தவராவார். சங்கிலியாயின், பாரந்தூக்கற் பொருட்டுச் செய்யப்பட்டு வளையங்களில் தர இலக்கம் பொறிக்கப்பட்டதே தகும். மாடுகட்டும் சங்கிலி மாட்டுக்கே உரியது. கம்பிவடத்தைத் தொடுவோர் தோற்கையுறை அணிதல் வேண்டும். அறுந்த கம்பியிழை உள்ளங்கையை ஊசிபோலக் கிழிக்கும்.

கயிறு நீளமாயிருத்தல் நன்று. நீளக் கயிறு இழுக்கும் இயந்திரத்தை உறுதியான தரையில் நிற்கவிடும். ஈரமான வரம்பின் விளிம்பில் நின்று இழுத்தால் வரம்பு சரிந்து இரண்டாவது இயந்திரமும் வயலுக்குள் இறங்கிவிடும். பின்பு மூன்றாவதைத் தேடவேண்டும். இழுக்கும் திசையும் இயந்திரத்தின் நேர்த்திசையாகவே இருத்தல் வேண்டும். பக்கவாட்டில் இழுப்பது இரண்டையும் சரித்து வீழ்த்தக்கூடும்.

எல்லாம் பூட்டியபின், ஆட்களை அகற்றுதல் வேண்டும். உதவிக்கு வந்தோர் கயிற்றின் இருமருங்கும் நின்று கூவி உற்சாகப்படுத்துவது நமது கிராமங்களில் வழக்கம். சிறுவர்கள் மேலும் நெருங்கி நிற்பர். கயிறு எத்திசையில் அடிக்கும் என்று எவராலும் முற்கூற இயலாது; ஆதலால் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் அனைவரும் நிற்றல் வேண்டும். 12 மீற்றர் கயிறாயின் 18 மீற்றர். இறுகிய கயிற்றைத் தாண்டுதலும், அதன்மேற் காலை வைத்து அமுக்குதலும், இழுக்கும்போது சேற்றிலிறங்கி இயந்திரத்தைத் தள்ளுதலும் ஆகா. கயிற்றின் நடுவே இரண்டு மூன்று ஈரச்சாக்கை மடித்துப் போட்டால் அறுந்த கயிற்றின் வேகம் ஓரளவு தணியும். ஆயினும் சாக்குப் போட்டாயிற்றென்று எவரும் அருகில் வருதல் கூடாது.

சைகை காட்டுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். இரு சாரதிகளும் காணுமிடத்தில், தூரத்தே அவர் நிற்பார். கையை உயர்த்தினால் நிறுத்துவதென்றும், முன்னே அசைத்தால் இழுப்பதென்றும் முன்னரே பேசிக்கொள்க. “நிற்பாட்டு” என்ற சொல்லை மட்டும் எவர் கூவினாலும் இருவரும் கீழ்ப்படிதல் வேண்டும்.

இழுக்கும் சாரதி மிகத் தாழ்ந்த கியரில், தொய்வு நீங்கும்வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கயிறு நேரானதும் ஒருகணம் நின்று, கட்டுக்களைக் கண்ணால் நோக்கியபின், கிளச்சை மெல்ல விடுத்து இழுத்தல் வேண்டும். பாதுகாப்புச் சட்டம் பூட்டிய இயந்திரமாயின் இருக்கைப்பட்டியையும் அணிந்துகொள்க. பட்டியணியாதவரை அச்சட்டம் காக்கமாட்டாது. புதைந்த இயந்திரத்தின் சாரதியும் அதே கணத்தில் தன் சில்லுகளை மெதுவாகச் சுழலவிடலாம். முன்புறமாக இழுக்கப்படும்போது அவர் மிக எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். சில்லு சுழலாது இறுகினால் உடனே கிளச்சை மிதித்துவிடுக. இழுக்கும் இயந்திரத்தின் சில்லு வழுக்கினாலோ, முன்சில்லு இலேசாக எழுந்தாலோ, நிறுத்துக. மீண்டும் கயிற்றைத் தொடுமுன் அதைத் தொய்யவிடுக. பின்பு இன்னும் சிறிது தோண்டுக.

தோண்டியும் போதாதவிடத்து, இழுவையை இருமடங்காக்கக் கப்பி உதவும். கப்பியைப் புதைந்த இயந்திரத்திற் பூட்டி, கயிற்றின் ஒரு நுனியை உறுதியான மரத்தின் அடியில், பட்டை நசுங்காதபடி சாக்குச் சுற்றிக் கட்டி, மறுநுனியைக் கப்பியினூடாகக் கொண்டுவந்து இழுத்தால், 1 தொன் இழுவை ஏறக்குறைய 2 தொன்னாகச் செயற்படும். இழுக்கும் இயந்திரம் இரண்டு மீற்றர் நகர, புதைந்தது ஒரு மீற்றரே நகரும். இந்நிதானமும் ஒரு நன்மையே. கப்பியும் அதன் கொளுவியும் இருமடங்கு பாரத்தைத் தாங்குமா என்பதை முன்னரே பார்த்துக்கொள்க.

லான்ட்மாஸ்டர் என வழங்கும் இருசில்லு இயந்திரம் புதைந்தால் கயிறு பெரும்பாலும் வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்து, பெட்டியைக் கழற்றி, நாலுபேர் தடியிட்டு நெம்பினாற் போதும். பெட்டி தனியே புதைந்திருப்பின், இயந்திரத்தை முதலிற் தரையேற்றி, அங்கிருந்து நீளக் கயிற்றாற் பெட்டியை இழுத்துக்கொள்க.

வெளிவந்த இயந்திரத்தைக் கயிற்றிற் கட்டியபடியே தெருவில் இழுத்துச் செல்லுதல் வேறொரு காரியம். பின்னே வரும் வாகனத்துக்குப் பிறேக் பிடிக்காவிடின் கயிறு அதனை நிறுத்தாது. சேற்றிலிருந்து ஏறியதும் பிறேக்கில் நீர் இருக்குமாதலால் முதலில் அதைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஓடாத வாகனங்கள் சிலவற்றில் பிறேக்கும் திசைதிருப்பியும் கடினமாகிவிடும். குறுகிய தூரத்துக்கு, நடக்கும் வேகத்தில், கயிற்றின் நடுவே சிவப்புத் துணி கட்டி இழுக்கலாம். அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு இரும்புத்தண்டினாற் பிணைத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் கயிற்றை நன்னீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, சுருளாக்கித் தொங்கவிடுக. சேற்றிலுள்ள நுண்மணல் இழைகளுக்கிடையே தங்கி உள்ளிருந்தே அவற்றை அறுக்கும். இழை அறுந்த கயிற்றை முழுநீளமாக வைத்திருந்தால் அவசரவேளையில் எவரேனும் எடுத்துவிடுவர்; அதை ஒரு பாக நீளத் துண்டுகளாக வெட்டிக் கன்றுகட்ட உபயோகிக்கலாம்.